எங்கள் இராசா

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எப்சமில் இருந்துகொண்டு ஒரு பக்டரியில் பெட்டி அடுக்குகிறேன். ஆனாலும் ஒவ்வொரு நவம்பரிலும் கிறிஸ்து இராசா திருநாள் வரும்போது ஒரு கேள்வி மனதில் எழும்பும். கடவுளுக்கு 'இராசா' என்ற பட்டம் எதற்கு? ஆளுகிறவர்களுக்குப் பயந்து ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள். தகப்பன், மேய்ப்பன் என்றால் மனம் ஒட்டுகிறது. இராசா என்றால் படையும் சிறையும்தான் ஞாபகம் வருகிறது.

எங்கள் மன்னாரில் இது பழைய கணக்கு. 1544இல் யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியின் கட்டளையால், புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். இவர்கள் போர்த்துக்கல் இராசாவின் ஆட்களாகிவிடுவார்கள் என்று அவன் பயந்தான். அந்தப் பயம் முழுப்பொய்யுமல்ல. 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தையே பிடித்தார்கள். இரண்டு இராசாக்களுக்கு நடுவில் செத்தது கடற்கரைச் சனம்.

ஆனால் அந்தச் சொல்லை விட்டு ஓடவும் முடியாது. 'ஆண்டவர்' என்றாலே ஆளுகிறவர். 'கோயில்' என்றால் கோவின் இல், அரசன் வீடு. அதில் சைவர்களும் நாங்களும் ஒன்று. மாவோரி வேதாகமத்திலும் ஆண்டவருக்கு 'அரிக்கி', பெருந்தலைவன் என்றே பெயர்.

இந்தத் திருநாளை 1925இல் ஏற்படுத்தியவர் பாப்பரசர் 11ஆம் பத்திநாதர். (பாப்பரசரிலும் ஒரு அரசர் இருக்கிறார், பாருங்கள்!) ரஷ்யாவிலும் ஜேர்மனியிலும் ஒஸ்திரியாவிலும் முடிகள் விழுந்து, இத்தாலியில் முசோலினி எழும்பிய காலம் அது. எல்லா ஆட்சிக்கும் மேலே ஒருவர் இருக்கிறார் என்று சொல்லத்தான் வைத்தார்.

அன்றைய சுவிசேஷம் மூன்று வருடச் சுற்றில் மாறி மாறி வரும். ஒரு வருடம் பிலாத்துவின் முன் கைதியாக நிற்கிற இராசா. ஒரு வருடம் கள்ளனுக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்குகிற இராசா. மற்ற வருடம் மத்தேயு 25. அதில் சிம்மாசனத்தில் இருக்கிற இராசா வரி கேட்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா, அந்நியனை வீட்டுக்குள் எடுத்தாயா என்கிறார். அந்த அந்நியன் தான்தான் என்றும் சொல்கிறார். எத்தனை விசாரணை மேசைகளுக்கு முன்னால் நின்றிருப்போம்! இந்த இராசா மேசைக்கு அந்தப்பக்கம் இல்லை, எங்கள் வரிசையில் நிற்கிறார்.

குடியுரிமை எடுத்தபோது நான் எலிசபெத் மகாராணிக்குச் சத்தியம் செய்தேன். மனைவி 2023இல் சார்ள்ஸ் மன்னருக்குச் செய்தா. இடம் தந்த நாடு, நன்றி உண்டு.

போன திருநாளன்று மகள் கேட்டாள்: "அப்பா, யேசு இராசாவிடம் ஆமி இருக்கா?"

"இல்லை."

"அப்ப எப்படி இராசா?"

சுவாமியிடம் கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். அவர் இன்னும் யோசிக்கிறாராம்.