அரைக்கால் கிலோ இஞ்சி

திருச்சி கே.கே. நகர் உழவர் சந்தை. இஞ்சிக் கடை முன்னால் அப்பாவும், ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகளும்.

"அரைக்கால் கிலோ போடும்மா."

"அரைக்கால்னா எவ்வளவுப்பா?"

"எட்டுல ஒண்ணு."

"அப்போ கால் கிலோவை விட ஜாஸ்தியா? எட்டுதானே பெரிய நம்பர்!"

பின்னம் படிக்கும் பிள்ளைகள் உலகெங்கும் தடுக்கி விழும் இடம் இது. முழு எண்களில் பழகிய மனசு, கீழே உள்ள எண் பெருகினால் பங்கு சிறுத்துவிடும் என்பதைச் சட்டென்று ஏற்காது.

கடைக்காரம்மா முதலில் கால் கிலோ வைக்கிறார். மின்தராசில் 0.250. பாதியை எடுத்ததும் 0.125. சிறுமி இரண்டு முறை எடுத்து வைக்கச் சொல்லிப் பார்க்கிறாள். பின்னமும் தசமமும் ஒரே தட்டில்!

தமிழில் அந்தக் கணக்கு பெயரிலேயே இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, 1/8. அதில் பாதி வீசம், 1/16. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் எண்சுவடி என்னும் வாய்பாட்டை மனப்பாடமாகச் சொல்லி, 1/320 ஆன முந்திரி வரை அறிந்திருந்தார்கள். அந்த மனப்பாடம் திரும்ப வேண்டாம். அந்தச் சொற்கள் வீட்டில் புழங்க வேண்டும்.

பள்ளியில் அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்க, 2022-இல் தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 1 முதல் 3 வரையான வகுப்புகளில் தொடங்கி, மறு ஆண்டே 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் வந்தது. நல்ல முயற்சி. அதற்கு வீடும் கைகொடுக்கலாம்.

அடுத்த முறை சந்தைக்குப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். தராசைப் பார்த்து அவர்களே விலை சொல்லட்டும்.