சைதாப்பேட்டையில் இருந்து 19பி

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஹவுஸ் ஓனர் மாடிக்கு ஏறி வந்தார். வாடகை வாங்க அவர் எப்போதும் வருவதில்லை, அப்பாதான் கீழே போய்க் கொடுப்பார். அதனால் வந்தபோதே அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கி விட்டது. "பில்டர் கேக்குறாரு சார், பசங்களும் வித்துடலாம்னு சொல்றாங்க. தை பொறந்ததும் காலி பண்ணிக் குடுத்தீங்கன்னா நல்லது." அவ்வளவுதான். பதினான்கு வருட சைதாப்பேட்டை வாசம் ஒரு டம்ளர் காபி ஆறுவதற்குள் முடிந்தது.

நாங்கள் இப்போது கொடுக்கும் வாடகை 11,000. இதே தெருவில் இதே அளவு போர்ஷனுக்கு இன்று 20,000 கேட்கிறார்கள். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 2 லட்சம். வேறு மாதிரி ஒப்பந்தம் போடாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது. அதை நான் புரோக்கரிடம் சொன்னேன். "தம்பி என்ன படிக்குது?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். எகனாமிக்ஸ் என்றதும் ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், வாழ்நாளுக்கும் மறக்காது.

அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. வாடகை கொடுத்தது போதும், ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கி விடலாம் என்று.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசைதான். என் வகுப்பு நண்பன் ஒருவன் நாவலூரில் கேட்டட் கம்யூனிட்டியில் இருக்கிறான். முதல் வருடம் அங்கே போய்விட்டு வந்த பிறகு ஒரு வாரம் எங்கள் வீடு எனக்குப் பிடிக்கவில்லை. நீச்சல் குளம் கூடப் பெரிதில்லை. அங்கே சின்னப் பிள்ளைகள் சாயங்காலம் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பின்னால் யாரும் ஹாரன் அடிப்பதில்லை. கரண்ட் போனால் ஃபேன் நிற்பதற்குள் ஜெனரேட்டர் வந்து விடுகிறது. (கொசு மட்டும் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை.) அமைதிக்குத்தான் அங்கே காசு கொடுக்கிறார்கள் என்று புரிந்தது. குழாய்த் தண்ணீருக்கும் தனியாகக் கொடுக்கிறார்கள், மெட்ரோ வாட்டர் கிடையாது, காலையில் கேட்டுக்கு வெளியே லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. மாதா மாதம் மெயின்டெனன்ஸ் மட்டும் எங்கள் வாடகையில் பாதி.

போன மாதம் மறுபடியும் அங்கே போனேன், இந்த முறை விலை விசாரிக்க. சைதாப்பேட்டையில் 19பி ஏறி ஒன்றரை மணி நேரம். மெட்ரோ வேலைக்காகச் சாலை நெடுகத் தகரத் தடுப்பு. லிஃப்டுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த இன்னொரு லிஃப்டில் இருந்து ஒரு அக்கா இறங்கினார். வீட்டு வேலைக்கு வருபவர்கள் அதில்தான் ஏற வேண்டும் என்று மேலே எழுதி ஒட்டியிருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ மாடி வூட்டு டீச்சரம்மா பையன்தானே?" என்றார்.

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை போட்டிருந்த அக்கா! அடையாறு ஆற்றங்கரையில் குடியிருந்தார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீடு போனது. அதன் பிறகு அந்தக் கரையில் இருந்த நிறையக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அரைப் பரீட்சை நேரம். அவர் மகன் என்னோடு கோலி விளையாடுவான், எனக்குப் பத்து வயது. அவன் எங்கே என்று கேட்டேன். "அங்க போயி இஸ்கூல் மாறுனதுல நின்னுட்டான்பா. இப்ப டெலிவரி ஓட்டுறான்." இட்லிக் கடை என்ன ஆச்சு என்றால், எட்டு மாடிக்கு மேலே உட்கார்ந்து யாருக்கு இட்லி விற்பது என்று கேட்டார். இங்கே இரண்டு வீட்டில் பாத்திரம், சமையல். பெண்களுக்கு 2021இல் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று ஆனதால் கட்டுப்படியாகிறதாம்.

எங்கள் பாடத்தில் வில்லியம் அலோன்சோ என்று ஒருவர் வருகிறார். 1964இல் எழுதியவர். நகர மையத்தில் இருந்து தள்ளிப் போகப் போக நில விலை குறையும், பயணச் செலவு கூடும், அவரவர் இரண்டையும் எடை போட்டு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பார். பரீட்சையில் இதற்குப் படம் போட்டுப் பத்து மார்க் வாங்கியிருக்கிறேன். என் நண்பன் குடும்பத்துக்கு அது சரி, அவர்கள் எடை போட்டார்கள். இட்லிக்கார அக்கா எதை எடை போட்டார்? அவரைச் சாமானோடு வண்டியில் ஏற்றினார்கள். நாங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறோம். மூன்று குடும்பமும் கடைசியில் அதே ஓ.எம்.ஆர். ரோட்டுக்குத்தான் வருகிறது, ஏறும் லிஃப்ட்தான் வேறு.

சரி, எங்கள் கணக்குக்கு வருகிறேன். கையில் இருப்பதையும் அம்மா நகையையும் போட்டாலும் 25 லட்சம் கடன் வேண்டும். எட்டரை சதவீத வட்டி. அப்பா ஓய்வு பெற இன்னும் பத்து வருடம். பத்து வருடத்தில் அடைப்பதென்றால் மாதம் 31,000 தவணை, அப்பா சம்பளத்தில் முடியாது. இருபது வருடம் என்றால் 21,700தான், ஆனால் மொத்தமாகக் கட்டுவது 52 லட்சம். "பையனை கோ-அப்ளிகண்டா போட்டுடுங்க சார், படிச்சு முடிச்சதும் வேலைக்குப் போயிடுவார்ல" என்றார் லோன் ஏஜென்ட். இன்னும் வாங்காத என் முதல் சம்பளத்துக்கு அவர் வழி சொல்லி விட்டார். எனக்கு எம்.ஏ. படிக்க வேண்டும் என்று இருக்கிறது. அது அப்பாவுக்கும் தெரியும்.

பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும் என்று 2025 ஏப்ரலில் வந்ததே, அம்மா பெயரில் வாங்கினால் என்ன என்று கேட்டேன். அது 10 லட்சம் வரை உள்ள சொத்துக்கு மட்டும். 10 லட்சத்துக்கு நாவலூரில் கார் நிறுத்தும் இடம் கிடைத்தால் சொல்லுங்கள்.

அக்காவைப் பார்த்ததை வீட்டில் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவ கெட்டிச் சட்னி வைப்பா இல்ல" என்றாள். அம்மாவின் பள்ளிக்கூடம் வீட்டில் இருந்து பத்து நிமிட நடை. ஓ.எம்.ஆர். போனால் தினமும் போக வர மூன்று மணி நேரம் பஸ்ஸில். அந்த மூன்று மணி நேரத்தை ஏஜென்ட் கணக்கில் சேர்க்கவே இல்லை, நானும் நேற்று வரை சேர்க்கவில்லை.

நேற்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். இன்னும் இரண்டு வருடம் வாடகைக்கே இருப்போம், சின்ன வீடாக இருந்தாலும் பரவாயில்லை, நான் ஹாலில் படுத்துக் கொள்கிறேன் என்று. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "எத்தனை தடவைடா காலி பண்றது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீடு பார்க்கப் போகிறோம். ஒன்று சைதாப்பேட்டையில், ஒற்றை பெட்ரூம், 16,000. இன்னொன்று தாழம்பூரில், மாடல் ஃபிளாட். ஏஜென்ட் என் பான் கார்டு காப்பி கேட்டிருக்கிறார். அதை அப்பா என்னிடம் இன்னும் கேட்கவில்லை.