புது மோட்டார் வரும்வரை காத்திருக்கலாமா?

செல்லிப்பட்டு வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நாளுக்கொரு புது மோட்டார் வருகிறதே, இப்போதே வாங்கலாமா, இரண்டு வருடம் பொறுக்கலாமா?"

பதிலுக்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

வேலையில் சேர்ந்த புதிதில், சங்கராபரணிக் கரையில் கரும்பு வைத்திருந்த ஒரு பெரியவர் தண்ணீர் போதவில்லை என்றார். போரைப் பார்க்காமலே, 5 எச்.பி.யை எடுத்துவிட்டு ஏழரை போடச் சொன்னேன். முதல் வாரம் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. கோடையில் ஊற்றைவிட இறைப்பு அதிகமாகி, தண்ணீர் இல்லாமல் ஓடி காயில் கருகியது. "சார், நீங்க சொன்னீங்கன்னுதானே கம்மலை அடகு வெச்சேன்" என்றார். கோபப்படவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நம் மோட்டார்களுக்குத் தாய்வீடு கோயம்புத்தூர். ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937-ல் அங்கே மோட்டார் செய்தார்கள். இன்று சிட்டார்க் போன்ற ஆய்வகங்கள் பம்புகளைச் சோதிக்கின்றன. ஆய்வு போகும் திசை எச்.பி.யைக் கூட்டுவதல்ல, அதே தண்ணீரைக் குறைந்த மின்சாரத்தில் எடுப்பது. நிரந்தரக் காந்த மோட்டார், வெயிலுக்கேற்ப வேகத்தை மாற்றும் சோலார் கன்ட்ரோலர், தண்ணீர் இறங்கினால் தானே நிறுத்தும் கருவி எல்லாம் ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டன. 2019-ல் தொடங்கிய பி.எம்.குசும் திட்டத்தில் சோலார் பம்புக்கு மானியமும் உண்டு. இனி இவை இன்னும் மேம்படும்.

ஆனால் எந்த ஆய்வகமும் உங்கள் போரில் தண்ணீர் ஊற வைக்காது. சோலார் வந்தால் கரண்டுக் கவலையில்லை என்று பகலெல்லாம் இறைக்கத் தோன்றும். கடலோரத்தில் அப்படி இறைத்தால் உப்புநீர் உள்ளே ஏறும்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். 200 லிட்டர் டிரம் 40 விநாடியில் நிறைந்தால், விநாடிக்கு 5 லிட்டர். மோட்டார் போட்டதும் ஒருமுறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பாருங்கள். வரத்து வெகுவாகக் குறைந்தால் போரின் ஊற்று அவ்வளவுதான். பெரிய மோட்டார் வீண்.

மோட்டார் நன்றாக ஓடினால் மாற்ற வேண்டாம். தண்ணீர் இல்லாதபோது நிறுத்தும் கருவியை மட்டும் பொருத்துங்கள். அடிக்கடி காயில் கட்டும் மோட்டாரென்றால் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஆழத்துக்குப் பொருந்தும் நட்சத்திர முத்திரைப் பம்பை வாங்குங்கள்.

அளந்த கணக்கோடு உழவர் உதவியகத்துக்கு வாருங்கள். இப்போதெல்லாம் போரைப் பார்க்காமல் நான் எச்.பி. சொல்வதில்லை.