சாயம் இல்லாத வெள்ளை

தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, நான் படித்த செய்திகளெல்லாம் பெரிய கோயில் மாதிரிகளைப் பற்றியே பேசின. அதே நெட்டியில் மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஒளியியல் ஆய்வு செய்யும் நண்பர், நீடாமங்கலம் பக்கம் தனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்திடம் மார்கழியில் அழைத்துப் போனார்.

வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டி ஒரு குளக்கரைத் தெரு. திண்ணை நிறைய நெட்டித் தண்டுகள். நீர்நிலைகளில் தானாக வளரும் செடி இது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அறுத்து, காயவைத்து, பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே பளீரென்று வெள்ளை. சாயம் தோய்ப்பதும் தாழை நாரில் கோப்பதும் அப்புறம். என் கண் கத்தியிலேயே நின்றுவிட்டது.

அறுபதைக் கடந்த அம்மா ஒருவர் சீவிக்கொண்டிருந்தார். தேய்ந்து மெலிந்த அலகு. அடிக்கடி கல்லில் தீட்டிக்கொண்டார். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் மாமியார் கொடுத்த கத்தியாம். கணவர் இருந்தவரை அவர் குளத்தில் இறங்கினார். இப்போது கூலி கொடுத்து அறுக்க வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள்.

"மழுங்குன கத்தி நெட்டிய நசுக்கிப்புடும் தம்பி. நசுங்குன எடத்துல வெளுப்பு போயிரும். ஈரம் பட்டாலும் அப்படித்தான்" என்றார்.

இதுதான் எங்கள் பாடமும் என்றார் நண்பர். நெட்டியில் வெள்ளை நிறப்பொருள் எதுவும் இல்லை. செல்சுவர் நிறமற்ற செல்லுலோஸ், உள்ளே காற்று. சுவரும் காற்றும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒளி கொஞ்சம் சிதறுகிறது. பலமுறை சிதறி, எல்லா நிறமும் ஏறக்குறைய சமமாகத் திரும்பி வருவதால் வெள்ளையாகத் தெரிகிறது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, செல்லுலோஸுக்கு ஏறத்தாழ 1.5. காற்றிருந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வித்தியாசம் குறையும், சிதறலும் குறையும். நசுக்கினால் காற்றே வெளியேறிவிடும்.

சி.வி. ராமன் 1934-இல் பனங்காடைச் சிறகின் நீலத்தை ஆராய்ந்து எழுதினார். அதுவும் சாயமல்ல, சிறகின் நுண்ணமைப்பு தரும் நிறம். இந்த வயல்வெளிக் கம்பிகளில் உட்காரும் பறவைதான் அது. பலமுறை சிதறும் ஒளியின் கணக்கை சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950-இல் தனி நூலாகவே தந்தார். ஒழுங்கற்ற நுண்ணமைப்புகளுக்குள் ஒளி எப்படிப் பயணிக்கிறது என்பதை மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சுஷில் முஜும்தார் குழு இன்றும் ஆராய்கிறது.

அந்த அறிவில் ஒரு பங்கு இந்தத் திண்ணையிலும் இருக்கிறது. அதற்கேற்ற கூலிதான் இல்லை. ஐப்பசியில் வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். தையில் விலையையும் அவரே வைக்கிறார். வாங்கிய கடனுக்குக் கட்டுப்பட்டவர்கள் வாய் திறக்க முடியாது. கடைத்தெருவில் அதே மாலை பல மடங்கு விலைக்குப் போகிறது. தண்ணீரில் நின்றவருக்கும் கத்தி பிடித்தவருக்கும் மிஞ்சுவது மிகக் கொஞ்சம். குறியீடு தந்த அரசு, முன்பணத்தைக் கூட்டுறவு வழியாகத் தந்தால் இந்தப் பிடி தளரும். கடைகளில் நெட்டி மாலைக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மாலை வேறு தொங்குகிறது. மாடு அதைத் தின்றால் வயிற்றுக்குக் கேடு.

இந்தப் பொங்கலுக்கு உங்கள் மாட்டுக்கு நெட்டி மாலை போடுங்கள். கட்டுகிறவர் வீட்டுக்கே போய், பேரம் பேசாமல் வாங்குங்கள்.