பச்சை விளக்கை நம்பாதவர்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பெட்டிகளை ஏற்றிவிட்டு லாரி வாசலில் நிற்கிறது. இ-வே பில் மட்டும் வரவில்லை. வெளிமாநிலத்துக்குப் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு அது இல்லாமல் கிளம்ப முடியாது.

"ரெண்டு லைனுக்கு மாசாமாசம் பணம் கட்டறனுங்க. ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும்னுதான சொன்னீங்க?" என்றார் முதலாளி. நான் வேடிக்கை பார்க்கப் போனவன். பதில் சொல்ல வேண்டியவர் நெட்வொர்க் பார்க்கும் அண்ணன்தான். "பாத்தறலாமுங்க" என்று சொல்லிவிட்டு, மாடிப்படிக்கு அடியிலிருந்த ரேக்கைத் திறந்தார். சுவிட்சின் காற்றுத் துளைகளில் பஞ்சு அப்பியிருந்தது. முதலில் அதைத்தான் ஊதித் தள்ளினார்.

பில்லிங், பிரின்டர், கேமரா, ஆட்களின் செல்போன் எல்லாம் அந்த ஒரே சுவிட்சில்தான் ஓடுகின்றன. ஆனாலும் ஒவ்வொன்றும் தனித்தனி வீலேன், அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க். தரவுப் பொட்டலத்தோடு 4 பைட் சீட்டு ஒன்று போகும். இது பில்லிங், இது கேமரா என்று பிரித்துச் சொல்வது அதிலுள்ள எண். பொதுவாக ரவுட்டர், பொட்டலம் எங்கே போகிறது என்றுதான் பார்க்கும். எங்கிருந்து வருகிறது என்றும் பார்த்து வழி சொன்னால் அது பாலிசி ரவுட்டிங். இங்கே பில்லிங்குக்கு லீஸ்டு லைன், கேமராவுக்கு பிராட்பேண்ட்.

சாக்கடை தோண்டிய ஜேசிபி எங்கோ லீஸ்டு லைனின் ஃபைபரை வெட்டியிருந்தது. ஆனால் ரேக்கில் பச்சை விளக்கு எரிகிறது. லைன் உயிரோடு இருக்கிறதா என்று ரவுட்டர் பிங் அடித்துக் கேட்பது அரையடி தள்ளி இருக்கும் லைன்காரர்களின் பெட்டியை. அதுவோ கரண்ட் இருக்கும்வரை பதில் சொல்லும்.

அதற்குப் பதிலாக, வெளியே இன்டர்நெட்டில் இருக்கும் 8.8.8.8-ஐக் கேட்கும்படி மாற்றினார் அண்ணன். அந்தக் கேள்வி லீஸ்டு லைன் வழியாக மட்டுமே போக வேண்டும் என்றும் கட்டிப்போட்டார். இல்லாவிட்டால் பிராட்பேண்ட் வழியாகப் பதில் வாங்கிக்கொண்டு, லைன் வந்துவிட்டது என்று ரவுட்டர் திரும்பிவிடும், மறுபடி விழும். விடிய விடிய இதே ஆட்டம்தான்.

ரவுட்டருக்குள்ளிருந்து பிங் அடித்தால் இப்போது பதில் வந்தது. பில்லிங் கணினியிலோ ஒன்றுமில்லை.

"இங்கதான் நெறையப் பேரு ஏமாறுவாங்க" என்றார். ரவுட்டர் தானே அடிக்கும் பிங், பொது வழி அட்டவணையில் போகிறது. பில்லிங்குக்குத் தனி அட்டவணை. அதில் எழுதியிருந்தது ஒரே ஒரு வழி, அதுவும் செத்துப்போன லைன். பொது அட்டவணையில் மாற்றுவழி இருந்து என்ன பயன்? தனி அட்டவணையிலும் பிராட்பேண்டை இரண்டாவது வழியாகச் சேர்த்து, பாலிசி ரவுட்டிங் விதியையும் புதிதாக எழுதினார். இ-வே பில் திரையில் வந்தது.

ஆனால் பிரின்ட் வரவில்லை! பிரின்டர் இருப்பது வேறு வீலேனில். விதிகளை ரவுட்டர் மேலிருந்து கீழே படிக்கும். அவசரத்தில் புது விதியை உச்சியில் வைத்துவிட்டார். அடுத்த அறைப் பிரின்டருக்குப் போக வேண்டியது இன்டர்நெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "நம்ம தப்புதாங்க" என்று சிரித்தபடி, உள்ளுக்குள் போவதற்கான விதிக்குக் கீழே அதை இறக்கினார். அந்தச் சிரிப்புக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. பிரின்ட் வந்தது, லாரி கிளம்பியது.

சாயங்காலம் ஃபைபரை ஒட்டி லைனைச் சரிசெய்தார்கள். அதன் பிறகுதான் சோதனை. ரவுட்டருக்குப் போகும் கேபிளை அவர் தொடவில்லை. வெளியிலிருந்து பெட்டிக்குள் வரும் மஞ்சள் ஃபைபரை உருவினார். 10 வினாடிக்கு ஒரு கேள்வி, மூன்றுக்குப் பதில் இல்லாவிட்டால் லைன் மாற வேண்டும். பில்லிங் கணினியின் பிங்கைப் பார்த்தபடி நின்றோம். அரை நிமிடத்தில் மாறியது.

உங்கள் அலுவலகத்திலும் இரண்டு லைன் இருந்தால், லாரி நிற்காத ஒரு நாளில் நெட்வொர்க் பார்ப்பவரைக் கூப்பிட்டு அந்த மஞ்சள் ஃபைபரைக் கழற்றச் சொல்லுங்கள். நீங்கள் போய் பில்லிங் கணினி முன்னால் உட்காருங்கள்.