பிடியரிசிப் பை

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். வயக்காட்டைச் சுத்திக் காட்டிட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அடுக்களைச் சுவரில் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையைப் பார்த்து, "இது என்னண்ணே?" என்று கேட்டார். "பிடியரிசிப் பை" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. பட்டணத்தில் இருக்கிற உங்களில் பல பேருக்கும் விளங்காது. அதனால் இன்னைக்கு அந்தப் பையைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்க பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு பழைய பழக்கம் உண்டு. சோறு பொங்க அரிசி அளந்ததும், உலையில் போடுறதுக்கு முன்னாடி அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக வைப்பார்கள். சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு போவார்கள். (சர்ச்சை நாங்க கோயில் என்றுதான் சொல்வோம்.) ஊழியத்துக்கும் ஏழைகளுக்கும் அது போகும். எங்க அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைச் செய்து வருகிறார். இப்போ அவருக்கு வயசு 74.

நான் வாழை விவசாயி. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் இருக்கு. சில வருசத்துக்கு முன்னாடி ஏத்தனுக்கு நல்ல விலை கிடைத்தது. நகைக்கடனைத் திருப்பினேன், வீட்டுக்கு ஓடு மாற்றினேன். அந்த வருசம் கோயிலில் சாட்சி சொல்ல எழுந்து நின்றேன். சாட்சி என்றால், கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சபைக்கு முன்னாடி சொல்வது. "நான் தசமபாகத்தில் குறை வைக்கல, ஜெபத்தில் குறை வைக்கல, கர்த்தரும் என் தோட்டத்தில் குறை வைக்கல" என்றேன். ஜெய ஜீவியம், ஜெயங்கொண்ட வாழ்க்கை என்று கன்வென்ஷன் மேடைகளில் பேசுவார்களே, அது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு இரண்டு பெஞ்சு தள்ளி, மேட்டுத்தெரு அண்ணாச்சி ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அதே வருசம் வைகாசிக் காற்றில் அவருடைய வாழை முக்கால்வாசி சாய்ஞ்சு போச்சு. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது பக்கத்தில் வந்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்: "அப்போ நான் எதில தம்பி குறை வெச்சேன்?"

பதில் சொல்லத் தெரியாமல் ஏதோ சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன். அதுக்கப்புறம் அவர் தெருப்பக்கம் போகிறதையே குறைத்துக்கொண்டேன்.

அந்த நல்ல வருசத்தில் அம்மாவிடமும் ஒன்று சொன்னேன். "இனி என்னம்மா பிடி? ஒரு மூட்டையாவே கோயிலுக்குக் குடுத்திருவோம்." அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மூட்டை குடு, யாரு வேண்டாம்னா? பிடி பாட்டுக்கு பிடி இருக்கட்டும்" என்றார். எனக்கு அன்றைக்கு அது கிழவியின் பிடிவாதமாகத்தான் தெரிந்தது.

பிறகு 2023 டிசம்பர் வந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றதை டிவியில் பார்த்திருப்பீங்க. அந்த வெள்ளம்தான். 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஒரு வருசம் முழுக்கச் சேர்ந்தாலும் எங்க பக்கம் அவ்வளவு பெய்யாது. ராத்திரி ஆறும் குளமும் ஒண்ணாகி ஊருக்குள் வந்தது. கரண்டு இல்லை, போன் இல்லை.

விடிகிற நேரத்தில் இடுப்பளவுத் தண்ணியில் ஒருத்தர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார். மேட்டுத்தெரு அண்ணாச்சி. ஒன்றும் பேசவில்லை. அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, "பின்னாலயே கயிறைப் பிடிச்சு வாங்க" என்று முன்னே நடந்தார். மூன்று ராத்திரி அவர் வீட்டில் இருந்தோம். எங்களை மாதிரி இன்னொரு குடும்பமும் இருந்தது. மொத்தம் 12 பேர்.

இரண்டாம் நாள் காலையில் அவர் வீட்டு மதினி அரிசி அளந்தார். டிரம்மின் அடி தெரிந்தது. அம்மா அவரிடம், "ஒரு பிடி எடுத்து வையி தாயி" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "எம்மா, இது அடுத்தவங்க வீட்டு அரிசி. ஏழைகளுக்குன்னு எடுத்து வைக்க, இப்போ நம்மளை விட ஏழை யாரு இருக்கா?" என்று கத்தினேன்.

அம்மா என்னைப் பார்த்து, "தண்ணி வந்தா கை சின்னதாப் போயிருமால?" என்றார்.

அண்ணாச்சி சிரித்துவிட்டார். அவரே எழுந்து வந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக வைத்தார். அன்றைக்கு மத்தியானம் அந்தப் பிடி கஞ்சியாகி, இரண்டு வீடு தள்ளித் தனியாக இருந்த ஒரு பாட்டிக்குப் போனது.

தண்ணி வடிந்து தோட்டத்துக்குப் போனேன். தைப்பொங்கலுக்கு வெட்ட வேண்டிய தார். 2,000 வாழை. பாதி சாய்ந்து கிடந்தது. நின்றதும் வேர் அழுகி ஒரு வாரத்தில் மஞ்சளாகிவிட்டது. கன்று, உரம், கம்பு, கூலி என்று ஒரு வாழைக்கு நூறு ரூபாய்க்கு மேல் ஆகும். கணக்கு போட்டுக்கொள்ளுங்க. அரசாங்கம் வீட்டுக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அது அன்றைய பாட்டுக்கு உதவியது. வீட்டுக்காரி நகை மறுபடியும் அடகுக்குப் போனது.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லை, கீத பவனி இல்லை. கோயில் பெஞ்சில் சேறு கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. விடியக்காலை ஆராதனையில் எல்லாரும் பாடினார்கள். எனக்கு வாய் வரவில்லை. இதைச் சொல்ல வெட்கமில்லை. தோட்டம் போன மனுசன் ஒரு வாரத்தில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை.

வீட்டுக்கு வந்து ஆபகூக் தீர்க்கதரிசியின் கடைசி அதிகாரத்தை எடுத்தேன். எத்தனையோ தடவை வாசித்ததுதான். அன்றைக்குத்தான் அது ஒரு விவசாயியின் நஷ்டக் கணக்கு என்று உறைத்தது. அத்தி, திராட்சை, ஒலிவம், வயல், ஆடு, மாடு என்று வரிசையாகச் சொல்லி, எல்லாம் போனாலும் கடவுளுக்குள் மகிழ்வேன் என்கிறார். போனது திரும்பி வரும் என்று அந்த இடத்தில் அவர் சொல்லவே இல்லை. பவுலும் பிலிப்பியருக்கு எழுதும்போது, தாழ்ந்திருக்கவும் தெரியும், நிறைவாய் இருக்கவும் தெரியும் என்கிற பொருளில் எழுதுகிறார், அதுவும் காவலில் இருந்துகொண்டு. அதைத் தான் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். இல்லாமையைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நிறைவாக இருக்கிறதையும் படிக்க வேண்டும் என்று தெரியாமல்தான் அந்த நல்ல வருசத்தில் எழுந்து நின்று பேசிவிட்டேன். வெள்ளத்தில் நான் தோற்றதைவிட, விலை கிடைத்த வருசத்தில் தோற்றதுதான் அதிகம்.

மறுநாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு நான் பதிலே சொல்லல. நீங்க ஒண்ணுலயும் குறை வைக்கல அண்ணாச்சி. நான்தான் தப்பாப் பேசிட்டேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "ராத்திரியெல்லாம் அதை யோசிச்சிருக்கேன் தம்பி" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "சரி வாங்க, சேத்துக்குள்ள கிடக்கிற கம்பையாவது பொறுக்குவோம். அடுத்த வாழைக்கு ஆகும்" என்று எழுந்தார். இரண்டு பேருமாகப் பொறுக்கினோம். முதலில் என் தோட்டம், அப்புறம் அவர் தோட்டம்.

இப்போ மறுபடியும் வாழை நிற்கிறது. அந்தக் கம்புகளில் சில இன்னும் முட்டுக்கொடுத்து நிற்கின்றன. கடன் முழுசாக அடையவில்லை. இந்த வருசம் நல்ல விலை கிடைத்தால் கோயிலில் சாட்சி சொல்வேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்பேன். ஏன் எனக்குக் கிடைத்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன். அது எனக்குத் தெரியாது.

சென்னை நண்பர் கிளம்பும்போது அம்மா சோறு பொங்கிக்கொண்டிருந்தார். விருந்தாளி வந்ததால் அன்றைக்கு அரிசி கூடுதல். பைக்குள் போனது வழக்கமான அதே ஒரு பிடிதான்.