கரையில் நின்று எழுதியவன்

எட்டு வருஷங்களுக்கு முன்னால் நான் ஒரு கடல் நாவல் எழுதினேன். பழவேற்காட்டுப் பக்கத்து மீனவர்களின் கதை. அதில் உப்புக் காற்று வீசுவதாக விமர்சகர்கள் சிலாகித்தார்கள். பொன்னேரியில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து எழுதினேன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர். குப்பத்தில் வசிக்கும் ஒரு பெரியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன் நாவல் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறான். ஒருநாள் என்னைப் பார்த்ததும், "நல்லாத்தான் எழுதிக்கீறே சார். ஆனா நீ அலை தாண்டினவன் இல்லே" என்றார்.

"எப்படித் தெரிந்தது?" என்றேன்.

"கட்டுமரத்துக்குள்ளே தண்ணி பூந்து முழுகிச்சின்னு எழுதிக்கீறியே, மரத்துக்கு ஏது சார் உள்ளே?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. உண்மைதானே! கட்டுமரம் என்பது சேர்த்துக் கட்டிய சில மரங்கள். ஏறிய தண்ணீர் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். அது கவிழலாம், கட்டு அவிழலாம், தண்ணீர் நிரம்பி மூழ்க அதற்கு வயிறே கிடையாது. சென்னையில் துறைமுகம் இல்லாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களுக்குக் கடிதங்களைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு போனவர்கள் இந்த மரத்தில்தான் போனார்கள். டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-இல் வெளியிட்ட பிரயாண நூலில் இதைப் பற்றி எழுதினார். நம் சொல் அப்படியே ஆங்கிலத்துக்குப் போய், இன்று இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்குப் பெயராகிவிட்டது. இவ்வளவும் படித்தவன்தான் நான். படித்து என்ன பிரயோஜனம்?

"உங்கள் மரத்தில் ஒரு தடவை என்னை அழைத்துப் போங்களேன்" என்று கேட்டேன்.

அவர் வீட்டுத் திண்ணையோரம் கையைக் காட்டினார். இரண்டு மரங்கள் அங்கே ஆசனமாகக் கிடந்தன. ஒன்றின்மேல் பூனை படுத்திருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கரை முழுவதும் ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. பேரன்கள் அதில் போகிறார்கள். இவர் மரத்தில் உட்கார்ந்து வலை பின்னுகிறார்.

படகில் ஏறி அலை தாண்டுவதில் எனக்குத் திருப்தி இல்லை. உடம்பில் தண்ணீர் பட வேண்டும். கோவளத்தில் மீனவப் பிள்ளைகள் அலைச்சறுக்குப் பலகையில் போவதைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. விலை விசாரித்தேன், என் புத்தகங்களின் ராயல்டியை நினைத்துப் பார்த்துத் திரும்பிவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் எனக்கு ஒரு பள்ளித் தோழன் உண்டு. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது அலமாரி செய்கிறான். விஷயத்தைச் சொன்னேன். "பைத்தியம் முத்திடுச்சாடா?" என்றான். ஆனால் மறுநாளே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான்.

வெனீர் என்பது, ஊறவைத்த மரத்தைச் சுழலவிட்டுப் பென்சில் சீவுவதுபோலச் சீவி எடுக்கும் தாள். ஒற்றைத் தாளாக இருந்தால் ரேகை ஓடும் வாக்கில் கிழிந்துவிடும். ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்கு வாட்டத்தில் ஒட்டினால் கனமான பலகைக்குச் சவால்விடும். நடுவில் ஒரு முதுகெலும்பு, அதன் இருபுறமும் மீன் முள்போல விலா எலும்புகள், அவற்றின்மேல் மூன்று வெனீர்த் தாள். இதுதான் அவன் திட்டம். வெந்நீர்த் துணி போட்டு வளைத்தோம். மேலே கண்ணாடி நாரும் எபாக்ஸிப் பசையும் பூசினோம். ஒன்பதடி நீளம், பதினான்கு கிலோ. உள்ளே வெறும் காற்று. டாம் பிளேக் என்ற அமெரிக்கர் இப்படி உள்கூடான பலகைக்கு 1932-இலேயே காப்புரிமை பெற்றிருக்கிறார்.

என் மனைவி வந்து பார்த்தாள். "நன்றாயிருக்கிறது. உங்களுக்கு வயது நாற்பத்தாறு" என்றாள். அவ்வளவுதான்.

உள்கூடான பலகைக்கு ஒரு காற்றுத் திருகு உண்டு. வெயிலில் இருக்கும்போது திறந்து வைக்க வேண்டும். தண்ணீரில் இறங்கும்போது மூட வேண்டும். பங்குனி வெயிலில் வண்டியின் கூரைமேல் பலகையைக் கட்டிக்கொண்டு போன நான் அதைத் திறக்க மறந்துவிட்டேன். உள்ளே காற்று சூடேறி விரிந்ததில் ஓரத் தையல் ஒரு சாண் விட்டிருந்தது. அதைக் கவனிக்காமலே கடலில் இறங்கினேன். நாலே நிமிஷம்! பலகை நனைந்த மூட்டைபோலக் கனத்தது. பேரன்கள் இருவர் பலகையையும் என்னையும் இழுத்து வந்து மணலில் போட்டார்கள்.

பெரியவர் குனிந்து பார்த்தார். "இப்போ எழுது சார், உள்ளே தண்ணி பூந்துச்சின்னு" என்றார்.

தோழன் திட்டிக்கொண்டே தையலைச் சரிசெய்தான். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். அன்று பெரியவரும் இடுப்பளவு தண்ணீரில் வந்து நின்றார். "எதிர்ல வர்ற அலையைப் பாக்காதே. அதுக்குப் பின்னாலே வர்றதைப் பாரு. நான் சொல்றப்போ போ" என்றார். மூன்று தடவை அலை என்னைச் சுருட்டிக் கரையில் எறிந்தது. நான்காம் தடவை அவர் குரல் கேட்டது. குப்புறப் படுத்துக் கையால் வலித்தேன். பலகையின் அணியம் வானத்தைப் பார்த்து எழும்பியது; பிறகு சடாரென்று கீழே இறங்கியது. அவ்வளவுதான், தாண்டிவிட்டேன். இருபுறமும் பேரன்கள் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

அங்கே சத்தமில்லை. திரும்பிப் பார்த்தேன். என் நாவலில் எத்தனையோ அலைகளை வர்ணித்திருக்கிறேன்; எல்லாவற்றிலும் வெள்ளை நுரை. பின்னாலிருந்து பார்த்தால் நுரையே தெரியவில்லை. எருமை மந்தையின் முதுகுகள்போல, கறுத்து வழவழப்பாகக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவை உடைவது கண்ணில் படவில்லை; காதில்தான் விழுந்தது. கடலுக்குப் போகிறவன் தினமும் காணும் அலை இதுதான். நான் எழுதியது, அவனுக்காகக் கரையில் காத்திருப்பவள் காணும் அலை.

திரும்பும்போது பலகைமேல் எழுந்து நிற்க முயன்றேன் என்று எழுத ஆசைதான். எழுதமாட்டேன். படுத்தபடியே வந்தேன். அலை தூக்கிக்கொண்ட அந்த ஏழெட்டு விநாடியில் நான் கத்தியதாகப் பேரன்கள் சொல்கிறார்கள்.

சென்ற வருஷம் நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போயிற்று. மூழ்கிய கட்டுமரத்தை மீட்டுத் திருத்தி எழுதினேன். புதுப் பிரதியைப் பெரியவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரன் அந்தப் பக்கத்தைப் படித்தான். பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இது சரி. மிச்சத்தை எப்போ திருத்தப் போறே?"